கள்ளிச்செடி வீட்டுக்குப் போன நவம்பர்

லவோன் ஸ்டக்கி அம்மாள் காலையில் கடைக்குள் வந்ததும் கோட்டைக் கழற்ற மாட்டார். வலது கையுறையை மட்டும் பல்லால் கடித்து இழுப்பார். கஸ்டமர் சர்வீஸ் மேசையின் ஓரத்தில் இருக்கும் கள்ளிச்செடியின் மண்ணில் சுண்டுவிரலை நகக்கண் வரைக்கும் விடுவார். ஈரம் இருந்தால் விரலைக் கோட்டிலேயே துடைத்துக்கொள்வார். காய்ந்திருந்தால், முந்தைய நாள் தன் கோப்பையில் வேண்டுமென்றே மிச்சம் வைத்த ஆறிப்போன கறுப்புக் காப்பியை ஓரமாகச் சுற்றி ஊற்றுவார். பிறகு சட்டியைக் கால்வட்டம் திருப்புவார். நேற்று முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது, இன்றைக்குச் சுவரைப் பார்க்கட்டும் என்பது அவர் கணக்கு. அதற்குப் பிறகுதான் கோட்டைக் கழற்றுவார். பெயர் அட்டை, மூக்குக்கண்ணாடி, பொழுது என்று ஒவ்வொன்றாகத் தொடங்கும்.

அது கிறிஸ்துமஸ் கள்ளி. முள் கிடையாது. நண்டுக்கால் மாதிரி தட்டைத் தட்டையான பச்சைத் துண்டுகள் ஒன்றின் நுனியில் ஒன்று முளைத்துச் சட்டிக்கு வெளியே தொங்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் பூக்கும் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் கடையில் அது ஒருமுறைகூடப் பூத்ததில்லை. பூக்க அதற்கு நீளமான இருட்டு வேண்டும். கடையில் ஏது இருட்டு? தரை துடைப்பவர்களுக்காகப் பாதி ராத்திரியும், திருடர்களுக்காக மீதி ராத்திரியும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

எங்கள் ஊர் வால்டர்ஸ்பர்க். ஒஹாயோவின் வடமேற்கு மூலையில், சோளத்துக்கும் வானத்துக்கும் நடுவே ஒட்டிவைத்த தபால்தலை மாதிரி இருக்கும். ஊருக்கு வெளியே ஒரு மால் உண்டு. அந்த மாலில் லவோன் வேலை பார்க்காத கடை இல்லை. துணிக்கடை, பொம்மைக்கடை, பாட்டுத்தட்டுக் கடை, செருப்புக்கடை, மெழுகுவர்த்தி மட்டுமே விற்ற ஒரு கடை. அவர் சேர்ந்த கடைகள் ஏழு. ஏழும் மூடிவிட்டன. எட்டாவது, மாலின் கோடியில் இருக்கும் எங்கள் ஹாலன்பெக். சட்டை முதல் சப்பாத்திக்கட்டையின் அமெரிக்கத் தம்பி வரைக்கும் எல்லாம் விற்கும் பெரிய கடை. அதற்கும் நுழைவாயிலுக்கும் நடுவே இருக்கும் கடைகளின் கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். நகத்துக்குச் சாயம் பூசும் ஒரு கடையும், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் ஒரு அறையும் மட்டும் திறந்திருக்கும்.

ஊரில் லவோனுக்குக் 'கடைவிழுங்கி' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அதில் கெட்ட எண்ணம் ஏதும் கிடையாது. மழை பெய்தால் மழை என்று சொல்வதைப் போலத்தான். அவரும் திரும்பிப் பார்ப்பார். ரஸ் கிம்ப்ளர் என்று ஒரு கிழவர். இதய டாக்டர் நடக்கச் சொன்னதால் தினமும் காலையில் மாலுக்குள் சுற்றிச் சுற்றி நடப்பார். வெளியே பனி, உள்ளே வெதுவெதுப்பு. நடந்து முடித்ததும் எங்கள் கடை வாசலில் வைத்திருக்கும் இலவசக் காப்பியைக் குடிப்பார். எங்களிடம் அவர் ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை. தினமும் லவோனைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"லவோன், இன்னைக்கும் கடை இருக்கா?"

"நீங்க காப்பிய குடிச்சுத் தீக்கற வரைக்கும் இருக்கும், ரஸ்."

ஆனால் ஊர் உண்மையில் கவனித்தது லவோனை அல்ல, செடியை. அந்தச் செடி ஏழு கடை மேசைகளிலும் உட்கார்ந்திருக்கிறது. ஏழு முறையும், மூடப்போகிறோம் என்று கம்பெனி வாய்திறப்பதற்குச் சில வாரம் முன்பே வீட்டுக்குப் போயிருக்கிறது. காரின் முன்சீட்டில் உட்காரவைத்து, சட்டிக்குக் குறுக்கே சீட் பெல்ட்டும் மாட்டி, ஊர் நடுவே ஓட்டிக்கொண்டு போவார். வீட்டில் இருட்டு கிடைப்பதால் கொஞ்ச நாளில் அது பூக்கும். செடி பூத்தால் ஒரு கடை செத்தது என்று அர்த்தம்.

லவோனுக்கு எப்படித் தெரிகிறது என்று ரொம்ப நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் அவருக்கு அடுத்த கவுன்ட்டரில், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பவர்களிடம் வாங்கிக்கொள்கிறவன். அதிகம் பேச வேண்டியதில்லாத வேலை. முகத்தைப் பார்த்தால் போதும். லவோனும் அதைத்தான் செய்தார். சாகப்போகும் கடை தன் விளக்குகளை முதலில் மறக்கும் என்பார். எரிந்துபோன குழல்விளக்கை மாற்ற மாட்டார்கள். பிறகு மேனேஜர் புது ஷூ போட்டுக்கொண்டு அடிக்கடி பல் டாக்டரிடம் போவார். அவருடைய பல்லெல்லாம் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டிருக்கும். கடைசியில் அளவு நாடாவோடு ரெண்டு பேர் வந்து அலமாரிகளை அளப்பார்கள்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதை எனக்குச் சொன்னது ஒரு ஆகஸ்ட் மத்தியானம், கடையில் யாருமே இல்லாதபோது. எங்கள் ஊரில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு நீள்சதுரக் கேக் ஒன்று வாங்கி, மேலே க்ரீமில் பெயர் எழுதி, சாப்பாட்டு அறையில் வைத்து வெட்டுவார்கள். லவோனும், கடை மூடிய நாட்களில், ஏழு கேக் வெட்டியிருக்கிறார். ஏழிலும் கடையின் பெயர்தான் இருந்தது.

"இந்த பிப்ரவரியோட ஓய்வு வாங்கிக்கறேன், கண்ணு," என்றார். "ஒரே ஒரு தடவ, கடை எனக்கு டாட்டா சொல்லணும். இதுவரைக்கும் நாந்தான் சொல்லிக்கிட்டு வர்றேன். என் பேரு போட்ட கேக்கு. அவ்வளவுதான். அதுக்குக் கடை பிப்ரவரி வரைக்கும் உசுரோட இருக்கணும்."

அப்போது எங்கள் மேனேஜர் கோல்பி ட்ரெஸ்லர். கொலம்பஸ் நகரத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். முப்பதைத் தொடாத வயது. சுவரில் உற்சாக வாசகங்கள் ஒட்டுவார். சாப்பாட்டு அறையின் குளிர்பெட்டியில்கூட 'இன்று உன்னால் முடியும்' என்று ஒட்டியிருந்தார்; அதனால் அதற்குள் வைத்த தயிர் அடிக்கடி காணாமல் போனது. லவோனைப் பற்றி ஊர் சொன்ன கதைகளை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு செடி எப்படிக் கடையை மூடும் என்று சிரித்தார்.

அக்டோபரில் ஆண்கள் சட்டைப் பகுதியில் ரெண்டு குழல்விளக்கு அணைந்தது. மாற்றவில்லை. அப்புறம் வெள்ளைச் சட்டை போட்ட ரெண்டு பேர் வந்து, படுக்கைவிரிப்பு அலமாரிகளை நீளமும் அகலமும் அளந்துவிட்டுப் போனார்கள்.

"சவப்பெட்டிக்கு அளவெடுக்கறாங்க," என்றார் லவோன், அவர்கள் காதில் விழாத தூரத்தில். அன்று முழுக்க அவர் யாரோடும் வம்பு பேசவில்லை. ரஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டபோதுகூட, "இருக்கு" என்று மட்டும் சொன்னார். ரஸ் முகம் மாறி, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

நவம்பர் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை நான் வந்தபோது மேசை ஓரத்தில் செடி இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு வெளுத்த வட்டம் மட்டும் இருந்தது. அதைச் சுற்றிலும் மரம் பழசாகிக் கறுத்திருக்க, வட்டம் மட்டும் புதுசாக, ஒரு கண் திறந்த மாதிரி இருந்தது. லவோன் கோட்டைக் கழற்றிவிட்டு, எப்போதும்போல் பெயர் அட்டையைக் குத்திக்கொண்டிருந்தார்.

முதலில் பார்த்தது ரஸ். வட்டத்தைப் பார்த்தார், லவோனைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். ஒன்றும் கேட்கவில்லை. காப்பி குடிக்காமல் நேராக ஷூ பகுதிக்குப் போய், நடப்பதற்கென்று ஒரு ஜோடி ஷூவும், அப்புறம் கோட் பகுதியில் ஒரு குளிர்கால கோட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். கோட் அவரைவிட ரெண்டு சைஸ் பெரிசு. தள்ளுபடிக்குக் காத்திருக்கலாமே என்று கேட்ட காஷியருக்கு ரஸ் பாடம் எடுத்தார். செருப்புக்கடை மூடியபோது எல்லாரும் தள்ளுபடிக்குத்தான் காத்திருந்தார்களாம். தள்ளுபடி வந்தபோது கடையில் மிச்சமிருந்தது பதினாலாம் நம்பர் ஷூவும், குழந்தைகள் பூட்ஸில் இடதுகாலும் மட்டும்தானாம். விலை இறங்குவதற்குமுன் வாங்குகிறவன்தான் காலுக்கு ஏற்ற ஷூ போடுகிறவன்.

பத்து மணிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு ஜெனிவா ஹோக் வந்தார். லூதரன் சர்ச்சின் சமையற்கட்டே அவர் கையில்தான். ஊரில் யார் இறந்தாலும் முதலில் அந்த வீட்டுக்குப் போவது ஜெனிவாவின் சீஸ் உருளைக்கிழங்குதான், பாதிரியார் ரெண்டாவது. கடை மூடினாலும் எங்கள் ஊரில் அதே முறைதான். கடைசி வாரங்களில் ஊழியர்களுக்குச் சாப்பாடு கொண்டுவருவார்கள். கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் காகித டேப் ஒட்டி, அதில் தங்கள் பெயரை எழுதியிருப்பார்கள். துக்கம் தீர்ந்ததும் பாத்திரம் வீடு திரும்ப வேண்டும் அல்லவா.

ஜெனிவா பாத்திரத்தை லவோனின் மேசைமேல், சரியாக அந்த வெளுத்த வட்டத்தின்மேல் வைத்தார். லவோனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பவாம்?"

"எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே, ஜெனிவா."

"எப்ப சொல்லியிருக்கானுங்க," என்று ஜெனிவா மூக்கை உறிஞ்சினார். பிறகு என் பக்கம் திரும்பி, நீ சின்ன வயசுக்காரன், உனக்கு வேறு எங்காவது கிடைக்கும் என்று என் கன்னத்தைத் தட்டினார். தட்டிய கையாலேயே கைப்பையைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டுப் பரிசு அட்டைகளை எடுத்தார். எல்லாம் எங்கள் கடையில் பணத்துக்குப் பதிலாக நீட்டக்கூடியவை. பிறந்தநாள், பட்டமளிப்பு, கல்யாணம் என்று ஊர் ஒருவருக்கொருவர் கொடுத்து இழுப்பறையில் போட்டுவைத்த அட்டைகள். கடை போனால் அவை வெறும் பிளாஸ்டிக். பொம்மைக்கடை போனபோது ஊரின் பேரக்குழந்தைகள் எல்லாம் ஒரே நாளில் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டன.

அந்த வாரம் வால்டர்ஸ்பர்க்கில் திறக்கப்படாத இழுப்பறை இல்லை. கையில் அட்டையோடு வந்தவர்கள் அட்டைக்கு மேலும் வாங்கினார்கள். வந்தது வந்தோம், இனி எப்போது என்று சாக்ஸ், தலையணை, வான்கோழி வறுக்கும் தட்டு. வாசல் நிறுத்தத்தில் கார் நிற்க இடமில்லை. காகிதம் ஒட்டிய கடைகளின் நடுவே ஜனம் வரிசையாக வந்தது. மௌன ஊர்வலம் என்று சொல்ல முடியாது, நிறையவே பேசினார்கள்.

கோல்பிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வியர்த்தது. கடை மூடவில்லை என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல ஜனங்கள் பரிதாபமாகத் தலையசைத்தார்கள். ஒரு அம்மாள் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, "மெழுகுவத்திக் கடை பையனும் கடைசி நாள் வரைக்கும் இதையேதான் சொன்னான், பாவம், அவனுக்கும் சொல்லாம வெச்சிருந்தாங்க" என்றார். அன்று மத்தியானம் அந்த அம்மாளே அவருக்கென்று தனியாக, பச்சை ஜெல்லியில் துருவிய கேரட் மிதக்கும் ஒரு பாத்திரம் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் கோல்பி பெரிய ஆரஞ்சு பலகை ஒன்றில் 'நாங்கள் மூடவில்லை' என்று எழுதி வாசலில் வைத்தார். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊர்க்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். நன்றாக இருக்கும் கடை எதற்காக அப்படிப் பலகை வைக்க வேண்டும்? உடம்பு சரியாக இருப்பவன் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டா திரிவான்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபத்துக்கான பெயர்களை வாசித்தபோது, இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் போகும் ஒருவருக்கும் ராணுவத்தில் சேர்ந்த ஒரு பையனுக்கும் நடுவே ஹாலன்பெக்கும் இருந்தது. சாப்பாட்டு அறை மேசை நிரம்பி, குளிர்பெட்டி நிரம்பி, உபரியாக வந்த பன்றிக்கறி ரொட்டியை ஊழியர்கள் பனிகொட்டும் பின்வாசலில் வரிசையாக வைத்தார்கள். நான் அந்த நவம்பரில் பெல்ட்டில் புதுத்துளை போட்டுக்கொண்டேன்.

கோல்பி லவோனிடம் வந்தார். அதுவரை அவர் செடியைப் பற்றிப் பேசியதே இல்லை. மேசையின் மறுபக்கம், ஏதோ பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவரைப்போல நின்றார்.

"லவோன், தயவுசெஞ்சு அந்தச் செடியத் திரும்ப இங்க கொண்டுவந்து வெச்சிடுங்க."

"ஏன், கண்ணு? வியாபாரம் ஆகலியா?"

"ஆகுது. அதுதான் பயமா இருக்கு. நாளைக்கு உண்மை தெரிஞ்சா என்ன ஆகும்?"

"எந்த உண்மை?"

கோல்பி திரும்பி வாசலிலிருந்த ஆரஞ்சு பலகையைப் பார்த்தார். அவருக்கே அது என்னவென்று தெரியவில்லை என்று நினைக்கிறேன். விளக்குகள் மாற்றப்படாததும் அளவு நாடாக்காரர்கள் வந்ததும் அவருக்கும் தெரிந்தவைதானே. தலைமை அலுவலகம் அவருக்குக் காரணம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

லவோன் குரலைத் தாழ்த்தினார். "செடி மொட்டு வெச்சிருக்கு. இப்ப எடத்த மாத்தினா அத்தனையும் உதுந்துடும். பூக்கட்டும், கொண்டாறேன்."

கோல்பி, எதிரே ஒருத்தி ரெண்டு வண்டி நிறையக் குளியல் துண்டு தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து, வழி விட்டார்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. முன்பெல்லாம் செடி முன்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு போனதை ஊரில் பாதிப்பேர் பார்த்திருக்கிறார்கள். இந்தமுறை போனதை யாரும் பார்க்கவில்லை. ஜெனிவா சர்ச் வாசலில் லவோனின் கணவர் டெல்பர்ட்டை மடக்கினார். டெல்பர்ட் டிராக்டர் பழுதுபார்ப்பவர். வார்த்தையைச் செலவழிக்காதவர்.

"செடிய எங்க வெச்சிருக்கீங்க, டெல்பர்ட்? மொட்டு எத்தன?"

"எந்தச் செடி?" என்றார் டெல்பர்ட்.

மனைவியின் துக்கத்தை எப்படிப் பொத்திப் பாதுகாக்கிறார் பாருங்கள் என்று ஜெனிவா கண் கலங்கி ஊர் முழுக்கச் சொன்னார். அன்று மாலை டெல்பர்ட் வீட்டுக்கும் ஒரு பாத்திரம் போயிற்று.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் ஜனவரிக் கூட்டம் என் கவுன்ட்டருக்கு வரவே இல்லை. திருப்பிக் கொடுத்தால் பதிலுக்கு வாங்கிக்கொள்ளக் கடை இருக்குமோ இருக்காதோ என்று எல்லாரும் பெரிய சைஸ் சட்டைக்குள்ளேயே வாழப் பழகிக்கொண்டார்கள். லவோன் தினமும் வழக்கம்போல் கோப்பையில் கறுப்புக் காப்பியை மிச்சம் வைத்தார். காலையில் அதை எடுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போவார். ஊற்றச் செடி இல்லாததால் தொட்டியில் கொட்டப் போகிறார், பழக்கம் எளிதில் விடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி கடைசியில் கம்பெனி மூடப்போகும் கடைகளை அறிவித்தது. சுற்றுவட்டாரத்தில் நாலு ஊர். எங்கள் ஊர் இல்லை. கோல்பி கண்ணாடி அறையில் டெலிபோனில் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். முதலில் உட்கார்ந்திருந்தார், பிறகு எழுந்தார், பிறகு மறுபடி உட்கார்ந்தார். இந்தக் கடையில் மட்டும் அந்தப் பருவத்தில் என்ன செய்தீர்கள், மற்ற மேனேஜர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்களாம். ஊர் ஜனங்களோடு உறவு வளர்த்ததாகச் சொன்னாராம். அது பொய் இல்லை; அப்போது அவர் முன்னால் அரைப் பாத்திரம் உருளைக்கிழங்கு இருந்தது. அடுத்த வாரம் சட்டைப் பகுதியில் புதுக் குழல்விளக்குகளும் மாட்டினார்கள். நாடாக்காரர்கள் அளந்துவிட்டுப் போன படுக்கைவிரிப்பு அலமாரிகளுக்குப் பதிலாகப் புது அலமாரிகள் வந்து இறங்கின.

ஊர் இதைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டது என்று சொன்னால் அது பொய். சாவுக்கு வந்து உட்கார்ந்தவர்களிடம் பிணம் எழுந்து சௌக்கியமா என்று கேட்டதைப்போல இருந்தது அவர்களுக்கு. ரஸ் தொளதொளத்த கோட்டில் வந்து காப்பியை முறைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் குடித்தார். ஜெனிவா பாத்திரத்தை வாங்கிப்போக வந்தார்.

"ஏன்டி லவோன், மூடலியாமே?"

"மூடலியாம்."

"அப்ப என் உருளைக்கிழங்கு?"

"நல்லாருந்துச்சு."

"நல்லாருக்கும்டி. சாவுக்குப் போடற வெண்ணெய் போட்டிருந்தேன் அதுல. சும்மா விருந்துன்னா பாதிதான் போட்டிருப்பேன்." பாத்திரத்தைத் திருப்பி அடியிலிருந்த தன் பெயரைச் சரிபார்த்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "சரி, உன் கேக்கு என்னைக்கு?"

பிப்ரவரி கடைசி வெள்ளி.

அன்று காலை நான் வந்தபோது செடி மேசையில் இருந்தது. பழைய வட்டத்தில், பிசகாமல். நுனிக்கு நுனி பூ. இளஞ்சிவப்பு நிறத்தில், ஒவ்வொன்றும் வாய்க்குள்ளிருந்து இன்னொரு வாய் திறந்த மாதிரி, பேச ஆரம்பித்து நிறுத்த முடியாதவர்களைப் போல. லவோன் எனக்கு முன்னாலேயே வந்து கோட்டோடு அதன் எதிரே நின்றிருந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு குளிரில் எப்படி ஒரு பூகூட வாடாமல் காரிலிருந்து கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். "போத்திக் கொண்டாந்தேன்," என்றார், சுண்டுவிரலை மண்ணில் விட்டபடி.

மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டு அறையில் கூடினோம். ஊழியர்கள், ரஸ், ஜெனிவா, வாசலுக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டு சில வாடிக்கையாளர்கள். கோல்பி மளிகைக்கடையிலிருந்து கேக்கை வாங்கி வந்து, பெட்டியின் மூடியைத் தானே திறந்தார்.

எல்லாரும் எட்டிப் பார்த்தோம்.

வெள்ளைக் க்ரீம்மேல் நீல எழுத்தில், சுற்றிலும் மலர்வளையம் வரைந்து, 'போய் வா, ஹாலன்பெக்' என்று இருந்தது.

மளிகைக்கடையில் கேக் எழுதும் பெண்மணி அந்த ஏழு கேக்கையும் எழுதியவர். லவோன் ஸ்டக்கிக்குக் கேக், கடை ஹாலன்பெக் என்று கேட்டதும் கை தன்னால் எழுதிவிட்டது.

"அப்ப மூடறாங்களா?" என்று கடைசியில் கேட்டவர் ரஸ். வாசலில் நின்றவர்களில் ஒருத்தி இதைக் கேட்டுக் கடைக்குள் ஓடியே போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர். தூரத்தில் தள்ளுவண்டிகள் உருளும் சத்தம் கேட்டது.

லவோன் கேக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எட்டாவது முறை அல்லவா. வெண்ணெய்க் கத்தியை எடுத்து, 'ஹாலன்பெக்' என்ற எழுத்துகளை மட்டும் மேலாகச் சுரண்டி எடுத்து, கத்தியை நக்கினார். 'போய் வா' மட்டும் மிஞ்சியது. பக்கத்தில் வெறும் வெள்ளை. கோல்பி அவர் பக்கம் வந்தார். முதல்முறையாக உற்சாக வாசகம் எதுவும் சொல்லவில்லை. லவோனின் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையின் ஊசியைக் கழற்றி, அட்டையைக் கேக்கில் காலியாக இருந்த இடத்தில் பதித்து, ஒரு விரலால் நேராக்கினார்.

லவோன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு படித்துப் பார்த்தார்.

"இத அப்புறம் கழுவி ஆபீஸ்ல குடுக்கணுமா?" என்றார்.

"வேணாம். நீங்களே வெச்சுக்குங்க."

ஓரத்துண்டை அவர் முழுதும் சாப்பிட்டார். இன்னொரு துண்டும் கேட்டார். டெல்பர்ட்டுக்கு என்றார், ஆனால் அதையும் அங்கேயே சாப்பிட்டார்.

சாயந்திரம் கோட் போட்டுக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேசைக்கு வந்து செடியை ரெண்டு கையாலும் தூக்கினார். கடையே நின்றுவிட்டது. பணம் செலுத்த நின்ற வரிசை நின்றது, ரசீதைக் கிழிக்கப்போன காஷியர் கிழிக்கவில்லை. ரஸ் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"லவோன், நமக்குள்ள எந்தப் பகையும் இல்ல. அதக் கீழ வை."

லவோன் சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு செடியைக் கால்வட்டம் திருப்பி, அதே இடத்தில் வைத்துவிட்டு, கையுறையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இப்போது கோல்பிதான் அதற்குத் தினமும் ஆறிய காப்பி ஊற்றுகிறார். கோட்டைக் கழற்றாமலே ஊற்றுகிறார். அப்படித்தான் ஊற்ற வேண்டும் என்று நம்புகிறார்.

ஏப்ரலில், தோட்ட நாற்காலிகளை வைக்க இடம் தேடியபோது, கடையின் பின்கோடியில் இருக்கும் தவணை அறையைத் திறக்கச் சொன்னார்கள். முன்காலத்தில் ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டி முடிக்கும்வரை அவர்கள் பொருளை அங்கே வைத்திருப்பார்கள். பல வருஷமாக யாரும் புழங்குவதில்லை. சாவி லவோனின் இழுப்பறையில் இருந்தது. அந்தக் கட்டடத்திலேயே ஜன்னல் உள்ள அறை அது ஒன்றுதான் என்று உள்ளே போனபிறகுதான் தெரிந்தது. உயரத்தில், ஒரு சின்னச் சதுரம். விளக்கின் பல்பு இல்லை.

ஜன்னலுக்குக் கீழே இருந்த பலகையில் வட்ட வட்டமாகக் காப்பிக்கறை, ஒன்றின்மேல் ஒன்று, ஒவ்வொன்றும் கொஞ்சம் திரும்பி. பக்கத்தில் உலர்ந்த இளஞ்சிவப்பு இதழ் ஒன்று.

செடி அந்த நவம்பரில் வீட்டுக்குப் போகவே இல்லை. கடையை விட்டு அதை வெளியே கொண்டுபோக லவோனுக்கே தைரியம் வரவில்லை.